கர்ப்பகால ஸ்கேன்: நோக்கமும் வரலாறும்

மனிதச் செவிக்குக் கேட்காத ஒலி அலைகளைத் தாயின் வயிற்றுக்குள் செலுத்தி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு கருவின் உருவத்தைத் திரையில் காணும் பரிசோதனையே கர்ப்பகால ஸ்கேன். இந்த அலைகளை இயற்பியல் பாடத்தில் மீயொலி என்கிறோம். ஆரணி போன்ற பட்டு நெசவு ஊர்களில் இன்று கர்ப்பிணியைப் பார்த்ததும் உறவினர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, “ஸ்கேன் எடுத்தாச்சா?” என்பது. எதற்காக எடுக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டால், “குழந்தை நல்லா இருக்கான்னு பார்க்க” என்பதோடு பதில் நின்றுவிடும்.

இக்கருவி மருத்துவத்துக்கு வந்து ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் இரண்டு நோக்கங்களுக்கு அது பயன்பட்டுவிட்டது. ஒன்று, தாயையும் சேயையும் காப்பது. இது மருத்துவர்கள் கொடுத்த நோக்கம். மற்றொன்று, பெண் குழந்தையைப் பிறக்கவிடாமல் தடுப்பது. இது பெண்ணைச் சுமையாகக் கண்ட சமூகம் கொடுத்த நோக்கம். இரண்டின் வரலாற்றிலும் ஆரணி அடங்கியிருந்த பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கு இடம் உண்டு.

ஸ்கேனுக்கு முந்தைய காலம்

பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் முன்னோர் சொன்னது வெறும் பேச்சு அல்ல. வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிய மருத்துவச்சிக்கு இருந்தவை கையும் காதும் அனுபவமும்தான். வயிற்றைத் தடவித் தலை எங்கே, கால் எங்கே என்று கண்டார்கள். கருப்பையின் உயரத்தை விரற்கடையால் அளந்து மாதத்தைக் கணித்தார்கள். 1895-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் அடோல்ஃப் பினார்ட், கருவின் இதயத் துடிப்பைக் கேட்பதற்கு ஊதுகுழல் வடிவக் கருவி ஒன்றை அமைத்தார். நம் செவிலியர்களும் அதை நெடுங்காலம் பயன்படுத்தினர்.

அதே 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். பிறகு கர்ப்பிணிகளுக்கும் எக்ஸ்ரே எடுக்கும் வழக்கம் வந்தது. கருவின் எலும்பு அதில் தெரிந்தது. இரட்டைக் குழந்தையா என்று அறிய முடிந்தது. ஆனால், தாய் வயிற்றில் எக்ஸ் கதிர் பட்ட குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வருவது கூடுதல் என்பதை ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த டாக்டர் ஆலிஸ் ஸ்டூவர்ட் 1956-லும் 1958-லும் வெளியிட்ட ஆய்வுகளில் காட்டினார். கதிர்வீச்சு இல்லாமல் வயிற்றுக்குள் பார்க்கும் வழி ஒன்று தேவைப்பட்டது.

வட ஆற்காட்டின் பேறுகால வரலாறு

தேவையின் ஆழத்தை அறிய நம் பகுதியின் வரலாறே போதும். 1890-இல் அமெரிக்காவிலிருந்து திண்டிவனத்திலுள்ள பெற்றோரைப் பார்க்க வந்த இளம்பெண் ஐடா ஸ்கடரிடம், ஒரே இரவில் மூன்று குடும்பத்தினர் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருந்த தம் வீட்டுப் பெண்களுக்கு உதவுமாறு வேண்டினர். அவர் மருத்துவர் அல்லர். மருத்துவரான தந்தையை அனுப்பலாம் என்றால், ஆண் மருத்துவரை வீட்டுக்குள் விட அவர்கள் சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். ஐடா ஸ்கடர் திரும்பிச் சென்று மருத்துவம் படித்து 1900-இல் வேலூருக்கு வந்தார். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். அதுவே இன்றைய வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி.

ஆரணியிலிருந்து வேலூர் சுமார் 40 கிலோமீட்டர். சிக்கலான பிரசவம் என்றால் வேலூருக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பதே பல காலம் வழக்கமாக இருந்தது. ஆனால் சிக்கல் என்பது வலி கண்ட பிறகுதான் தெரியவரும். நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை மூடிக்கொண்டிருந்தால், வலி வரும்போது இரத்தம் கொட்டும். அதற்குப் பிறகு மாட்டு வண்டியோ பேருந்தோ பிடித்து 40 கிலோமீட்டர் போவது எளிதல்ல. முன்கூட்டியே தெரிந்தால் போதும். பல உயிர்கள் தப்பும். ஸ்கேன் தந்தது இந்த முன்னறிவைத்தான்.

கப்பல் பட்டறையிலிருந்து பேறுகால விடுதிக்கு

மீயொலி மருத்துவத்துக்காகப் பிறந்த அறிவியல் அல்ல. 1880-இல் பியர் கியூரி, ஜாக் கியூரி சகோதரர்கள், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுவதைக் கண்டனர். அதே படிகத்தில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது அதிர்ந்து ஒலி அலையை எழுப்பும். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய பால் லாஞ்ஜவன் இதைப் பயன்படுத்தினார். பின்னர் உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்க்கத் தொழிற்சாலைகள் இதே முறையைக் கையாண்டன.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றிய மருத்துவர் இயன் டொனால்ட், 1954-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேறுகால மருத்துவப் பேராசிரியர் ஆனார். கப்பல் கட்டும் ஊரான அங்கு உலோக விரிசலைக் கண்டறியும் கருவிகள் நிறைய இருந்தன. 1955-இல், அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகளை அருகிலிருந்த கொதிகலன் தொழிற்சாலைக்கு எடுத்துச் சென்று அந்தக் கருவியில் சோதித்தார். நீர்க்கட்டிக்கும் சதைக்கட்டிக்கும் எதிரொலி வேறுபட்டது. டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளரும் ஜான் மெக்விகர் என்ற மருத்துவரும் அவருடன் சேர்ந்தனர்.

ஒரு பெண்ணின் வயிற்று வீக்கம் குணப்படுத்த முடியாத புற்றுநோய் என்று முடிவு செய்யப்பட்டிருந்தது. இவர்கள் கருவி அது நீர் நிறைந்த சூலகக் கட்டி என்று காட்டியது. கட்டி அகற்றப்பட்டது, அவர் பிழைத்தார். 1958 ஜூன் 7 அன்று ‘லான்செட்’ மருத்துவ இதழில் இவர்களின் கட்டுரை வெளிவந்தது. கருப்பைக்குள் இருக்கும் கருவின் மீயொலிப் படங்களும் அதில் இடம்பெற்றன.

1968-இல் ஸ்டூவர்ட் கேம்பெல், கருவின் தலையை அளந்து வளர்ச்சியை அறியும் முறையைச் சீராக்கினார். 1972-இல் மூளை வளராத ஒரு கருவை 17-ஆவது வாரத்தில் ஸ்கேன் மூலம் கண்டறிந்ததை அவரது குழு வெளியிட்டது. இதற்கிடையில் 1965-இல் ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம், அசையும் படத்தை உடனுக்குடன் காட்டும் கருவியை வெளியிட்டது. கருவின் கை கால் அசைவதைத் திரையில் காணும் காலம் தொடங்கியது.

இதன் கணக்கு எளிது. மனிதச் செவி 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். கர்ப்பகால ஸ்கேனில் பயன்படும் அலை சில மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்குப் பல பத்து லட்சம் அதிர்வுகள். உடல் திசுவில் இவ்வலை நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் செல்லும். அனுப்பிய அலை 0.0001 நொடியில் திரும்பினால், போக வர 15.4 சென்டிமீட்டர், ஆகவே எதிரொலித்த இடம் 7.7 சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ளது. இப்படி ஆயிரக்கணக்கான எதிரொலிகளைப் புள்ளிகளாக்கிக் கணினி படம் வரைகிறது. தோலுக்கும் கருவிக்கும் இடையே காற்று இருந்தால் அலை உள்ளே போகாது. அதற்காகவே வயிற்றில் கூழ் போன்ற பசையைத் தடவுகிறார்கள். எக்ஸ் கதிர் போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை.

எந்த மாதத்தில் எதற்காக?

முதல் மூன்று மாதங்களில் எடுக்கும் ஸ்கேன், கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறது. கருக்குழாயில் தங்கி வளர்ந்தால் குழாய் வெடித்துத் தாயின் உயிருக்கே ஆபத்து. அடுத்து, இதயம் துடிக்கிறதா, ஒரு கருவா இரண்டா என்று பார்க்கிறது. கருவின் நீளத்தை அளந்து வயதையும் கணிக்கிறது.

வயதைக் கணிப்பது சிறிய வேலை போலத் தோன்றும். ஆனால் நெசவுக் குடும்பங்களிலும் விவசாயக் குடும்பங்களிலும் கடைசி மாதவிலக்கு தேதியை நாள்காட்டியில் குறித்து வைப்பவர் குறைவு. “ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம்”, “பாவு பூட்டின நாளுக்கு மறுநாள்” என்றுதான் நினைவு சொல்வார்கள். இரண்டு மூன்று வாரம் பிசகினால், குறைமாதக் குழந்தையை நிறைமாதம் என்றும், நாள் கடந்ததை இன்னும் நாள் இருக்கிறது என்றும் தவறாக எண்ண நேரும். முதல் மூன்று மாத ஸ்கேன் சில நாள் வித்தியாசத்துக்குள் வயதைச் சொல்லிவிடும். மாதம் ஏற ஏற இந்தத் துல்லியம் குறையும். எனவே, முதல் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் கருவின் கழுத்தின் பின்புறமுள்ள நீரின் தடிமன் அளக்கப்படும். டவுன் நோய்க்குறி போன்ற குரோமோசோம் குறைபாட்டுக்கு வாய்ப்பு அதிகமா என்பதை இது காட்டும். இது உறுதியான முடிவு அல்ல; மேற்கொண்டு சோதனை தேவையா என்று அறிவதற்கான படி.

18 முதல் 20 வாரத்தில் எடுப்பது குறைபாடு அறியும் ஸ்கேன். மூளை, முதுகுத்தண்டு, இதயம், சிறுநீரகம், வயிற்றுச் சுவர், கை கால் ஆகியவை ஒவ்வொன்றாகப் பார்க்கப்படும். தமிழ்நாட்டில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவுக்குள் மணம் முடிப்பது இங்கே இன்றும் பரவலாக உள்ளது. தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் கால் பங்குக்கு மேல் உறவில் மணந்தவர்கள். பிறவிக் குறைபாட்டுக்கான வாய்ப்பு இத்தகைய மணங்களில் கூடுதல். அப்படிப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள் என்றாலும், இந்த ஸ்கேனை அக்குடும்பங்கள் தவறவிடக் கூடாது. சில இதயக் குறைகள் முன்பே தெரிந்தால், உரிய வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம். உயிர் தரிக்க முடியாத குறை என்றால் கர்ப்பத்தைத் தொடர்வதா என்று முடிவெடுக்கச் சட்டம் இடம் தருகிறது. 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. கருவின் கடுமையான குறைபாட்டை மருத்துவக் குழு உறுதிசெய்தால் 24 வாரத்துக்குப் பிறகும் அனுமதி உண்டு.

கடைசி மூன்று மாதங்களில் குழந்தையின் எடை, தலை கீழே இருக்கிறதா, பனிக்குட நீர் போதுமா, நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது ஆகியவை பார்க்கப்படும். வளர்ச்சி குறைவாகத் தெரிந்தால், டாப்ளர் முறையில் தொப்புள்கொடியின் இரத்த ஓட்டத்தையும் அளப்பார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரையில், 24 வாரத்துக்கு முன் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்கிறது. மாதந்தோறும் எடுக்க வேண்டிய அவசியம் எல்லோருக்கும் இல்லை. எத்தனை தேவை என்பதைத் தாயின் நிலை அறிந்து மருத்துவரே சொல்ல வேண்டும்.

தடம் மாறிய நோக்கம்

இதே படம் கருவின் பாலினத்தையும் காட்டியது. இந்தியாவில் பாலினம் அறியும் வழக்கம் ஸ்கேனோடு தொடங்கவில்லை. 1970-களின் நடுவில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில், மரபுக் குறைகளை அறிவதற்காகப் பனிக்குட நீர்ச் சோதனை தொடங்கப்பட்டது. பெண் கரு என்று தெரிந்ததும் கலைக்கக் கேட்டவர்கள் பலர். அரசு மருத்துவமனைகளில் பாலினம் அறிவது தடுக்கப்பட்டது. தனியாரிடம் அது வணிகமாயிற்று. இப்போது 500 ரூபாய் செலவு செய்தால் பின்னால் 50,000 ரூபாய் மிச்சம் என்ற பொருளில் வட இந்திய நகரங்களில் விளம்பரங்கள் தொங்கின. மிச்சமாவதாகச் சொன்னது வரதட்சணையை. ஊசி குத்தாமல், விரைவாக, குறைந்த செலவில் பார்க்கக்கூடிய ஸ்கேன் வந்ததும் இந்த வணிகம் சிற்றூர்கள் வரை பரவியது. கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்த்தவரான இயன் டொனால்டின் கருவிக்கு இப்படி ஒரு கதி நேர்ந்தது.

தமிழ்நாட்டில் பெண் சிசுக்கொலை அதற்கு முன்பே இருந்தது. 1986-இல் உசிலம்பட்டிப் பகுதி பற்றி ‘இந்தியா டுடே’ இதழ் வெளியிட்ட கட்டுரை நாட்டையே அதிரவைத்தது. 1992-இல் சேலத்தில் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ திரைப்படம் 1994-இல் இதையே பேசியது.

கே.வி. குப்பம் ஆய்வு

சிசுக்கொலை என்றால் உசிலம்பட்டி, சேலம், தருமபுரி என்று எண்ணுபவர்கள் வட ஆற்காட்டை நினைப்பதில்லை. சாபு ஜார்ஜ், ராஜரத்தினம் ஆபேல், பார்பரா மில்லர் ஆகியோர் வேலூரை அடுத்த கே.வி. குப்பம் வட்டாரத்தின் 12 கிராமங்களில் பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து கவனித்துப் பதிவு செய்தனர். 1992-இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் அவர்களது ஆய்வு வெளிவந்தது. அந்தக் கிராமங்களில் 19 சிசுக்கொலைகள் உறுதி செய்யப்பட்டன. கொல்லப்பட்ட அனைவரும் பெண் குழந்தைகள். 1989 வரை கே.வி. குப்பமும் ஆரணியும் ஒரே மாவட்டம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வேலூர் மருத்துவமனையின் நிழலிலேயே, பிறந்த பெண் குழந்தைகள் உயிர் இழந்துகொண்டிருந்தன.

பாலினத் தேர்வைத் தடுக்கும் முதல் சட்டத்தை 1988-இல் மகாராட்டிரம் இயற்றியது. நாடு முழுவதற்குமான சட்டம் 1994-இல் நிறைவேறி 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பல ஆண்டுகள் அது ஏட்டளவிலேயே இருந்தது. கே.வி. குப்பத்தில் ஆய்வு செய்த அதே சாபு ஜார்ஜ், சேஹத், மாசூம் என்ற இரு அமைப்புகளுடன் சேர்ந்து 2000-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். சட்டத்தை உடனே செயல்படுத்துமாறு 2001 மே 4 அன்று நீதிமன்றம் ஆணையிட்டது. சட்டம் திருத்தப்பட்டு 2003 பிப்ரவரி 14 முதல் புதிய வடிவில் அமலுக்கு வந்தது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 1000 ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்ற கணக்கு, வழக்கின் அவசரத்தை விளக்கும். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதற்கும் அது 927. தமிழ்நாட்டில் 942, ஆனால் சேலம் மாவட்டத்தில் 851, தருமபுரியில் 826.

சட்டம் சொல்வது

ஸ்கேன் மையம் ஒவ்வொன்றும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பாலினம் கூறப்படமாட்டாது என்ற அறிவிப்பு மக்கள் மொழியிலும் வைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு கர்ப்பிணியின் ஸ்கேனுக்கும் காரணம் எழுதிய ‘எஃப் படிவம்’ நிரப்பப்பட வேண்டும். சொல்லாலோ சைகையாலோ பாலினத்தைத் தெரிவிப்பது குற்றம். மருத்துவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. பாலினம் அறிய நாடுபவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் கர்ப்பிணிப் பெண் தானாக வந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. மாறாக நிரூபிக்கப்படாத வரை, கணவனோ உறவினரோ வற்புறுத்தியதாகவே கருதுகிறது. நம் வீடுகளின் நிலையை அறிந்து எழுதப்பட்ட பிரிவு அது.

சட்டம் வந்ததால் குற்றம் அடியோடு ஒழிந்துவிடவில்லை. 2018 டிசம்பரில் திருவண்ணாமலையில், மருத்துவம் படிக்காத ஒரு பெண் ஸ்கேன் கருவி வைத்துப் பாலினம் பார்த்துக் கருக்கலைப்பும் செய்து வந்ததாகக் கைது செய்யப்பட்டார். இத்தகைய இடங்களில் பெண் கருவோடு தாயின் உயிரும் பணயம் வைக்கப்படுகிறது.

இன்றைய நிலை

தமிழ்நாட்டில் பேறுகால மரணம் வெகுவாகக் குறைந்துள்ளது. ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கும்போது இறக்கும் தாய்மார்களின் எண்ணிக்கை 2001–03-இல் 134 ஆக இருந்து, 2018–20-இல் 54 ஆனது. இதற்கு ஸ்கேன் மட்டும் காரணமல்ல. 24 மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், கிராம சுகாதாரச் செவிலியர், இரத்த வங்கி, 108 ஆம்புலன்ஸ், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி என எல்லாம் சேர்ந்த பயன் அது. ஆனாலும் எந்தத் தாயை முன்கூட்டியே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று காட்டிக் கொடுப்பதில் ஸ்கேனுக்குப் பங்கு உண்டு. 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் உள்ளிட்ட பரிசோதனைகள் இலவசம். 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கான சிறப்புப் பரிசோதனையும் அரசு மருத்துவமனைகளில் நடைபெறுகிறது. நாளெல்லாம் குழித்தறியில் அமர்ந்து மிதி மிதித்துக் கூலி வாங்கும் வீட்டில், ஸ்கேனுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். ஆகவே இலவசம் என்பதோடு, முறை தவறாமல் போய்வர வீட்டார் துணையும் வேண்டும்.

பெண் குழந்தை விகிதத்தில் 2011 கணக்கெடுப்பு இருவேறு நிலைகளைக் காட்டியது. சேலமும் தருமபுரியும் 900-ஐத் தாண்டின. தமிழ்நாட்டின் மொத்த விகிதம் 942-இலிருந்து 943 ஆக, ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. இந்தியாவின் விகிதமோ 927-இலிருந்து 919 ஆகக் குறைந்தது.

ஸ்கேனின் எல்லை

ஸ்கேன் எல்லாக் குறைகளையும் காட்டிவிடாது. சில இதயக் குறைகளும், கேட்கும் திறன், அறிவு வளர்ச்சி தொடர்பான குறைகளும் அதில் தெரிவதில்லை. ‘நார்மல்’ என்ற அறிக்கை, பார்த்த அளவில் குறை இல்லை என்ற பொருள்தான் தரும். எடைக் கணிப்பிலும் வித்தியாசம் வரும். இரத்தச் சோகைக்கான சோதனை, இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, தடுப்பூசி, இரும்புச்சத்து மாத்திரை, ஃபோலிக் அமில மாத்திரை ஆகியவற்றுக்கு ஸ்கேன் மாற்று ஆகாது.

ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வரும் கர்ப்பிணியிடம் உறவினர் கேட்க வேண்டியவை நான்கு: எத்தனை வாரம்? வளர்ச்சி சரியா? நஞ்சுக்கொடியும் பனிக்குட நீரும் எப்படி உள்ளன? மறுபடி எப்போது வரச் சொன்னார்கள்? ஐந்தாவதாக ஒரு கேள்வியை யாராவது கேட்டால், அதற்கு எந்த மருத்துவரும் பதில் சொல்லக் கூடாது. பதில் சொல்லும் மையம் எதுவாயினும் மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் அளிக்கலாம்.